வேப்பங்கொழுந்து நிறத்தில் ஒரு கூடு

நேற்றுக் காலை எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடிப் பெண் கதவைத் தட்டினாள். திறந்தால், வாயில் விரலை வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் மேலே வரச் சொல்லிச் சைகை காட்டுகிறாள். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பாலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு ஓடினேன். ஒன்றும் ஆகவில்லை. பால்கனித் தொட்டியில் அகல இலையோடு ஒரு செடி. அதில் இரண்டு இலைகளை ஒன்றாகப் பிடித்துத் தைத்து, உள்ளே பஞ்சு வைத்து ஒரு கூடு.

“தையல்சிட்டு ஆன்ட்டி. ஊசியில்லாம எப்படித் தெச்சிருக்கு பாருங்க. எவ்ளோ அழகு இல்ல?”

“ம்” என்றேன். கை துறுதுறுத்தது. அதைப் பிய்த்து அப்படியே கீழே ரோட்டில் எறிய வேண்டும் என்று துறுதுறுத்தது. நல்லவேளை, நினைப்பது நெற்றியில் எழுதி ஒட்டுவதில்லை.

இதைக் கேட்டு நீங்கள் என்னைவிட்டு ஒரு அடி தள்ளி உட்காரலாம். உட்காருங்கள். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. காகத்தைப் பிடிக்காதவர்கள் உண்டு, ஆந்தையைக் கண்டு பயப்படுகிறவர்கள் உண்டு, எனக்கு இந்தத் தையல்சிட்டு ஆகாது. பள்ளிக்கூடப் பாடம் முதல் காலண்டர் அட்டை வரை இதை எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். பச்சை முதுகு, செங்கல் நிறத்தில் ஒரு தொப்பி, எப்போதும் தூக்கி நிற்கிற வால். உடம்பு ஒரு பிடிகூட வராது. தொண்டை மட்டும் ஊர்க்கூட்டத்துக்குக் காணும். விடிந்தும் விடியாமல் ‘டுவீட் டுவீட்’ என்று ஆரம்பித்தால், யாரோ நம்மிடம் திருப்பித் திருப்பி ஒரே கேள்வியைக் கேட்பது போலிருக்கும். புழு பூச்சிதான் ஆகாரம். புழுவைத் தின்னுகிற ஜென்மத்துக்குப் புழு நூற்ற நூலில் என்ன வேலை என்று நான் கேட்டால், அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு குடும்பம் உடைந்த கதை இருக்கிறது.

அவள் பால்கனியில் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வெந்நீரும் சோப்பும் கலந்த ஆவி மூக்கில் ஏறியது. அந்த வாடைதான் என்னை ஆரணிக்கு இழுத்துக்கொண்டு போனது. எங்கள் வீட்டுக் கொல்லையில் பெரிய அண்டாவில் சோப்புத் தண்ணீர் கொதிக்கும். கச்சாப் பட்டை அதில் போட்டு எடுத்தால்தான் பசை போய் மினுமினுப்பு வரும், சாயம் பிடிக்கும். பட்டு மினுங்கும், கொல்லை நாறும். கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை கட்டுகிறவர்கள் யாரும் அந்த நாற்றத்தை மோந்திருக்க மாட்டார்கள். மோந்தால் பருத்தியே போதும் என்று சொல்லிவிடுவார்கள்.

அந்த அண்டாவுக்கு அதிபதி என் சித்தப்பா தேவராஜ், அப்பாவின் ஒரே தம்பி. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. எங்களோடுதான் இருந்தார். அப்பாவுக்கு வீட்டுக்குள் சில தறிகள், வெளியே சில தறிகள். நூல் வாங்குவது, நெய்ய வைப்பது, விற்பது எல்லாம் அப்பா. நிறம் மட்டும் சித்தப்பா. நான் காலேஜ் முடித்துவிட்டு, வேலையும் கிடைக்காமல் வரனும் அமையாமல், நடையில் ராட்டையை வைத்துக்கொண்டு ஊடை நூலைச் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரம் பிறந்து ஒருசில வருஷங்கள் ஆகியிருக்கும். செல்போன் வந்துவிட்டது, கேமரா வைத்த செல்போன் எங்கள் தெருவுக்கு வரவில்லை.

கேமரா வரவில்லை என்பதை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். அப்போது ஒரு புது நிறத்தை ஒளித்து வைக்க முடிந்தது. ஒரு சீசனுக்கு ஒரு நிறம் ஓடும். யார் முதலில் கொண்டுவருகிறாரோ அவருக்குத்தான் பெயர். இரண்டாவதாகக் கொண்டுவருகிறவன் காப்பியடித்தவன். அதனால் புது நிறம் தறியில் இருக்கிறபோது சொந்தக்காரர் வந்தால்கூட, தறிமேல் பழைய போர்வையைப் போட்டு மூடிவிட்டுத்தான் ‘வாங்க’ என்போம். தெருப்பக்க ஜன்னலுக்கு அப்பா சாக்கு அடித்துவிடுவார். அறுந்த இழை, முடிச்சு போட்டு வெட்டிய துண்டு எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர வேண்டும். தரையில் ஒன்று கிடந்தால் அம்மா உட்பட எல்லோருக்கும் அர்ச்சனை. இத்தனை காவலும் முன்பக்கத்துக்குத்தான். கொல்லைப்பக்கம் யார் வரப்போகிறார்கள் என்று விட்டுவிட்டோம்.

கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஏகாம்பரம் வீடு. அவர் வாசல் அடுத்த தெருவில். எங்களைவிடப் பெரிய கை, தறியும் அதிகம். அப்பாவும் அவரும் ஜென்ம விரோதிகள். காரணம் கேட்டால் இரண்டு பேருமே வேறு வேறு சொல்வார்கள். அவர் வீட்டுத் தண்ணீர் என் கொல்லைக்கு வந்தது என்பார் ஒருவர், இன்னொருவர் ஒரு நெசவாளியைக் கலைத்துக்கொண்டு போனது என்பார். விரோதம் காலையில் பல் விளக்கும்போதே ஆரம்பித்துவிடும். ஒருவர் இருமினால் மற்றவர் காறித் துப்புவார். ஆனால் சித்தப்பாவும் ஏகாம்பரமும் ஒன்றாகப் படித்தவர்கள். எங்காவது டீக்கடையில் பார்த்தால் நின்று பேசுவார்கள். அது அப்பாவுக்குத் தொண்டையில் சிக்கிய மீன்முள்.

அந்த வருஷம் ஆடி மாசத்தில் சித்தப்பா ஒரு நிறத்தைப் பிடித்தார். வேப்பங்கொழுந்து. சித்திரையில் வேப்பமரம் துளிர்க்கும்போது பார்த்திருப்பீர்கள், அந்தக் கொழுந்து பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. நீளவாக்கில் பாவுக்குச் செம்பு நிறம், குறுக்கே ஊடைக்கு இளம்பச்சை. இரண்டும் சேர்ந்து நெய்தால், துணி ஒரு பக்கம் திரும்பும்போது செம்பு ஓடும், மறுபக்கம் திரும்பும்போது பச்சை ஓடும். கேட்க லேசாக இருக்கிறது. எந்தச் செம்பு, எந்தப் பச்சை என்பதில்தான் அந்த மனுஷன் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தார்.

அவரிடம் ஒரு வழக்கம். வீட்டுக்குள் பார்க்கிற நிறத்தை அவர் நம்ப மாட்டார். செம்பில் நாலு இழை, பச்சையில் நாலு இழை எடுத்து ஒன்றாக முறுக்கி, துணி காயப்போடும் கொடியில் கட்டிவிடுவார். காலை வெயிலில் ஒரு தரம், உச்சி வெயிலில் ஒரு தரம், விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு தரம் வந்து பார்ப்பார். கொடியின் ஒரு முனை சுவரோரக் கம்பத்தில். சுவருக்கு அந்தப் பக்கம் ஏகாம்பரத்தின் வாதாமரக் கன்று, உள்ளங்கை அகல இலைகளோடு.

கட்டிய இழை மறுநாள் காணாமல் போனது. திரும்பக் கட்டினார். அதுவும் போனது.

“அண்ணி, கொடியில நூல் இருந்திச்சே, அவுத்துப் போட்டீங்களா?”

“உன் நூலத் தொட்டா கை வெந்துபூடும்னு தெரியும். நான் ஏன் தொடறேன்?” என்றார் அம்மா.

பிறகு சித்தப்பா என்மேல் பாய்ந்தார். நானும் பதிலுக்குப் பாய்ந்தேன். காற்றில் போயிருக்கும் என்று முடிவாயிற்று. ஒரு தையல்சிட்டுக் குருவி கொடியில் வந்து உட்காரும், வாலை ஆட்டும், கத்தும், போகும். அதை எல்லோரும்தான் பார்த்தோம். இழையை உருவியதை ஒருவரும் பார்க்கவில்லை.

புரட்டாசியில் அப்பா பஜாருக்குப் போனார். ஒரு கடையின் கண்ணாடிக்குள் வேப்பங்கொழுந்து தொங்கியது. எங்கள் சேலை இன்னும் தறியைவிட்டு இறங்கவில்லை. யார் சரக்கு என்று விசாரித்தால், ஏகாம்பரம் சரக்கு.

அப்பா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராகக் கொல்லைக்குப் போனார். சித்தப்பா அண்டாவைக் கவிழ்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அவன்கிட்ட இன்னாடா குடுத்த?”

“யார்கிட்ட?”

“நடிக்காத. கொடியில கட்ன நூலு காணம் காணம்னு வூடே அதிர்ற மாதிரி கத்தினியே. காத்துல போச்சா? அவன் கைக்குப் போச்சா?”

சித்தப்பா கையில் இருந்த தேங்காய்நாரைக் கீழே வைத்தார். “அண்ணா, நீ இன்னா பேசற?”

“டீக்கடையில அவன்கூடப் பல்லக் காட்டிகினு நிக்கறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அதே செம்பு, அதே பச்சை. கனவுலயா வந்துச்சு அவனுக்கு?”

அப்பா ஆத்திரக்காரர். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அவருக்குப் புத்தி நிறையவே உண்டு, ஆத்திரத்துக்கு முன்னால் அது எழுந்து நிற்காது, அவ்வளவுதான். பூஜை அறைக்குப் போய்த் தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தி எடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் பக்கத்தில் அதற்குமேல் பேச்சு கிடையாது. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து ‘நான் செய்யவில்லை’ என்று சொல்லிவிட்டால், விரோதிகூட நம்பித்தான் ஆக வேண்டும்.

“அணைச்சு சத்தியம் பண்ணு. விட்டுடறேன்.”

சித்தப்பா கற்பூரத்தைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “பண்ணிடுடா, ஜல்தி பண்ணிடு” என்று அம்மா கெஞ்சினார்.

“ஊரான் கேட்டா அணைப்பேன் அண்ணி. அண்ணன் கேக்கக் கூடாது.”

கற்பூரம் தானாக எரிந்து தானாக அணைந்தது. சித்தப்பா கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், இரண்டு வேட்டி சட்டையை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு வாசல் வழியாகப் போய்விட்டார். அப்போதுதான் செய்யாற்றுப் பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கியிருந்தன. அங்கே ஏதோ ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகப் பத்துப் பதினைந்து நாள் கழித்து ஆள்மூலம் தகவல் வந்தது. நூலைக் கண்ணால் பார்த்து நிறம் சொல்கிற மனுஷன், அங்கே அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாராம்.

தம்பியைத் துரத்தியதோடு அப்பாவின் ஆத்திரம் அடங்கவில்லை. அடுத்த தெருவுக்குப் போய் ஏகாம்பரம் வாசலில் நின்றார்.

“சோத்துல உப்பு போட்டுத் திங்கறவனா இருந்தா வெளிய வாடா. எங்கூட்டு நெறத்தத் திருடிப் பொழைக்கிறியே, உங்கம்மா இதுக்கா உன்னப் பெத்தா?”

“நெறத்துக்கு உங்கப்பன் பட்டா வாங்கி வெச்சிருக்கானா?” என்றார் ஏகாம்பரம் உள்ளேயிருந்து.

தெரு மொத்தமும் நெய்வதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. தறிச்சத்தம் ஓய்ந்து அந்தத் தெரு அமைதியாக இருந்ததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். கேட்கும்படியாக இல்லை.

தீபாவளி போனது. எங்கள் வேப்பங்கொழுந்தை ‘இது ஏகாம்பரம் டிசைன் இல்ல?’ என்று கேட்டுவிட்டுக் கடைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். அப்பா சித்தப்பாவின் பெயரையே வீட்டில் எடுக்க விடவில்லை.

கார்த்திகை மழையில் கொல்லைச் சுவர் இடிந்து விழுந்தது. எங்கள் பக்கமாகச் சரிந்ததில் வாதாமரக் கிளை ஒன்றும் முறிந்து கூடவே வந்தது. செங்கல்லைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்தக் கிளையில் ஒரு காய்ந்த இலை சுருண்டு தொங்குவதைப் பார்த்தேன். புழுக்கூடு என்று நினைத்துத் தட்டிவிடப் போனேன். இலையின் ஓரத்தில் தையல். தையலில் செம்பு. செம்போடு முறுக்கிக்கொண்டு இளம்பச்சை.

வேறு யாராவது பார்த்திருந்தால் குருவிக்கூடு என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். பட்டு நெய்கிற ஊரில் அது வெறும் கூடு இல்லை. செம்பையும் பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் துணி எப்படி மின்னும் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏகாம்பரத்துக்குத் தூதுவன் எவனும் தேவைப்படவில்லை. பல் விளக்கக் கொல்லைக்கு வந்தால் போதும்.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இலையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். திரும்பவும் திருப்பினார். இடிந்த சுவருக்கு அந்தப் பக்கம் ஏகாம்பரமும் செங்கல் பொறுக்கிக்கொண்டுதான் இருந்தார்.

“யோவ். இத்தப் பாத்துத்தான் போட்டியா?”

ஏகாம்பரம் நிமிர்ந்து பார்த்தார். சிரித்தார். “மூஞ்சிக்கு நேரா தொங்குது. நான் இன்னா, கண்ண மூடிகினு பல்லு வெளக்கணுமா?”

“எந்தம்பி மேலப் பழியப் போட்டு அனுப்பிட்டேனே. உனக்குத் தெரியும் இல்ல? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே.”

“எதுக்குச் சொல்லணும்? நீ வந்து கேட்டியா? என் வாசல்ல நின்னு எங்கம்மாவ இழுத்த. உன் வூட்ல நெருப்புப் புடிச்சா தண்ணி ஊத்த நான்தான் கெடச்சனா?” சொல்லிவிட்டு, கையிலிருந்த செங்கல்லை எங்கள் பக்கம் எறியாமல் தன் பக்கமே அடுக்கினார். “தேவராஜி உன்னப் பத்தி எங்கிட்ட ஒரு சொல்லு கொறச்சுப் பேசினதில்ல. நூலப் பத்தி வாயே தொறக்க மாட்டான். நானும் எத்தினியோ தரம் கெளறிப் பாத்தேன்.”

அப்பா கூட்டை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு செய்யாறு பஸ் ஏறினார். கூட்டை ஒரு எவர்சில்வர் டப்பாவில் வைத்து, மூடி, மடியில் வைத்துக்கொண்டார். டிக்கெட் எடுக்கும்போதுகூடக் கையை எடுக்கவில்லை. கம்பெனி வாசலில் வெகுநேரம் நின்றோம். சாப்பாட்டு மணி அடித்ததும் சித்தப்பா நீலச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அந்தச் சட்டையில் அவரைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. நீலம் அவருக்குப் பிடிக்காத நிறம்.

அப்பா டப்பாவைத் திறந்து நீட்டினார். பேசிப் பழக்கமில்லாத விஷயங்களுக்கு எங்கள் வீட்டில் பொருளைத்தான் நீட்டுவோம்.

சித்தப்பா குனிந்து பார்த்தார். ஒரு இழையை நகத்தால் லேசாக இழுத்தார். “இத்தினி மழையில நனைஞ்சும் பச்சை எறங்கல பாரு” என்று என்னிடம் சொன்னார். அவர் முகத்தில் ஒரு நிமிஷம் பழைய சித்தப்பா வந்துவிட்டுப் போனார். அப்புறம்தான் அது என்ன, எங்கேயிருந்து வந்தது என்று அவருக்குப் புரிந்தது. டப்பாவை மூடினார்.

“குருவி வந்து சொன்னப்பறம் நம்பிட்டீங்க.”

“வூட்டுக்கு வாடா” என்றார் அப்பா.

“நான் சொன்னப்போ நம்பலியே. எம்பேச்சுக்கு இருந்த மதிப்பு குருவிக்கும் கீழ.” சித்தப்பா சத்தமாகப் பேசவில்லை. “நீங்க கெளம்புங்க. ஆரணி பஸ்ஸு போயிடும்.”

திரும்பி உள்ளே போய்விட்டார். பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து டப்பாவைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஊர் நெருங்குகிற நேரத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். “என்னப் போயி ‘நீங்க’ன்றான்.”

அவர் அதற்கப்புறம் சித்தப்பாவைக் கூப்பிடப் போகவில்லை. ரோஷமா, வெட்கமா, இரண்டும் சேர்ந்து நெய்ததா, தெரியாது. இடிந்த சுவரை மட்டும் கட்டாமலே விட்டுவிட்டார். வெட்டவெளியில் இரண்டு பேரும் எதிரெதிரே பல் விளக்கினார்கள், காறித் துப்பினார்கள். அந்தக் குருவியும் விடாமல் வந்து நடுவில் கத்தியது. அதைக் கண்டால் நான் கல்லெடுப்பேன். இதைத்தான் உங்களிடம் ஒளிக்காமல் சொல்ல வந்தேன். அப்பாவை என்னால் வெறுக்க முடியவில்லை. பெற்றவர். ஏகாம்பரத்தை வெறுத்தும் பார்த்துவிட்டேன், அந்த ஆள் பொய் சொல்லவில்லை, சும்மா இருந்தார், அவ்வளவுதான். சும்மா இருந்தவரை எத்தனை வருஷம் திட்டுவது? மிச்சம் இருந்தது அந்த ஒரு பிடி உடம்பு. அது தாங்கட்டும் என்று மொத்தத்தையும் அதன் தலையில் போட்டேன். அதற்குத் தெரியவா போகிறது?

எனக்குக் கல்யாணமாகி வேலூருக்கு வந்துவிட்டேன். கல்யாணத்துக்குச் சித்தப்பா வந்தார், கடைசி வரிசையில் உட்கார்ந்தார், அப்பாவை ‘வாங்க’ என்று எழுந்து நின்று கும்பிட்டார். சில வருஷம் கழித்து அப்பா தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். சித்தப்பா சுடுகாட்டுக்கு வந்தார், செய்ய வேண்டியதைச் செய்தார், அழவில்லை. காரியத்தன்று எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு என்னிடம் வந்தார்.

“அந்த டப்பா இருக்குதா?”

பீரோவில் அப்பாவின் வேட்டிகளுக்கு அடியில் இருந்தது. திறந்தேன். இலை தூளாகிவிட்டிருந்தது. செம்பும் பச்சையும் மட்டும் முறுக்கு கலையாமல், வெளுக்காமல் கிடந்தன. சித்தப்பா விரலால் தொட்டுப் பார்த்தார்.

“இத்த வெச்சிகினா இருந்துச்சு அண்ணன்?”

அப்பாவின் படத்துக்கு முன்னால் நான் ஏற்றிய கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. சித்தப்பா அதன் முன்னால் போய் உட்கார்ந்தார். கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். வலது உள்ளங்கையை விரித்து, எரிகிற கற்பூரத்தின் மேல் அடித்து அணைத்தார்.

“நான் குடுக்கல அண்ணா” என்றார். “இப்பவாவது நீ நம்பு.”

இன்றைக்கு அந்த வாதாமரம் இல்லை. ஏகாம்பரத்தின் பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டார்கள், வாங்கியவர் மரத்தை வெட்டிவிட்டு ஆளுயரத்துக்கு மேல் சுவர் எழுப்பிவிட்டார். சித்தப்பாவும் போய்விட்டார். ஒரு நிறத்தை ஒளித்து வைக்கிற வழியும் இல்லை, தறியிலிருந்து இறங்குமுன் போனில் ஊர் சுற்றி வந்துவிடுகிறது. நேற்று அந்தப் பெண்ணின் பால்கனியில் பழக்கதோஷத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தையலை உற்றுப் பார்த்தேன். தரை துடைக்கிற மாப்பின் நூல்.

போன மாசம் ஆரணிக்குப் போனபோது விடியற்காலையில் எங்கள் கொல்லையில் வெகுநேரம் நின்றேன். கையில் கல் எடுத்துக்கொண்டுதான் நின்றேன். எதுவும் கத்தவில்லை.